கரும்பலகையின் வலது மூலை

போன வாரம் என் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று இளம் டீச்சர்கள் அரியாங்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஆளுக்கொரு ஃபோன், முகத்தில் ஆளுக்கொரு முழம் சோகம். என்ன விஷயம் என்று கேட்டேன். இப்போதெல்லாம் பிள்ளைகள் ஃபோனுக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம். ஃபோன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மார்க் போடுமாம். மின்விசிறி சத்தம் போட்டால் மார்க் குறையுமாம், பக்கத்து வகுப்புப் பிள்ளை உரக்கப் படித்தால் இந்தப் பிள்ளைக்கு மார்க் ஏறுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு பையன் வாயையே தொறக்க மாட்டேங்கிறான் மிஸ். ஃபோனு ஜீரோ போட்டுக்கிட்டே இருக்குது. மேல இருந்து கேக்கிறாங்க. ஒங்க காலத்துல இந்த மாதிரி புள்ளைங்கள என்னா பண்ணீங்க?" என்றாள் அவர்களில் சின்னவள்.

ஓய்வு பெற்ற டீச்சரிடம் "ஒங்க காலத்துல" என்று வாயைக் கொடுத்தால் காபி ஆறிப்போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. கேட்டுவிட்டாள், அனுபவிக்கட்டும் என்று ஆரம்பித்தேன்.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரெண்டு வருஷம் சார்ட் பேப்பரில் ஆடும் மாடும் ஒட்டினேன். குழந்தையின் மனம் வெள்ளைக் காகிதம் என்று பரீட்சையில் எழுதித் தேறினேன். மூடிக் கிடந்த மில்லுக்குப் பின்தெருவில் இருந்த அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் ரெண்டாம் வகுப்பும் சேர்த்து என் தலையில் கட்டினார்கள். முதல் நாளே ஒரு வெள்ளைக் காகிதம் என் கையைக் கடித்துவிட்டது.

அந்தக் காலத்தில் படிப்பு என்றால் அ, ஆ என்று ஆரம்பித்து ஃ வரைக்கும் போவது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம். பிள்ளைகள் எழுத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள், படத்தைப் பார்த்துக் கத்துவார்கள். ஔடதம் என்று எழுதி ஒரு மருந்து பாட்டில் வரைந்திருக்கும். மொத்த வகுப்பும் "டானிக்!" என்று கத்தும். எஃகு என்பதற்கு என்ன படம் போடுவது என்று எங்கள் யாருக்கும் தெரியாததால் கத்தி வரைந்தோம். அந்த வருஷம் படித்தவர்களுக்கு இன்றைக்கும் ஃ என்றால் கத்திதான்.

அப்புறம் ஒரு கருத்தாளர் வந்தார். கருத்தாளர் என்றால், எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர். வகுப்பறையை விட்டு வெளியேறிய பிறகுதான் அந்தப் பதவி கிடைக்கும். அ, ஆ எல்லாம் வளைந்து நெளிந்து கஷ்டமான எழுத்துகள், நேர்க்கோட்டு எழுத்தில் தொடங்குங்கள் என்றார். ட, ப, ம. சரி என்று தொடங்கினோம். அந்த மூன்றை வைத்துக்கொண்டு என்ன எழுத முடியும்? படம், பட்டம், மடம், மட்டம். பொங்கல் வரைக்கும் என் பிள்ளைகள் மடத்தில் உட்கார்ந்து பட்டம் பார்த்தார்கள்.

அதன் பிறகு எழுத்தே வேண்டாம், முழு வாக்கியமாகக் காட்டுங்கள் என்றார்கள். வாக்கியமும் வேண்டாம், கதை என்றார்கள். அட்டைகள் வந்தன, பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தேன், எழுந்திருக்கத்தான் ரெண்டு பேர் வேண்டியிருந்தது. அடுத்தது அபிநயம். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கையசைவு. வகுப்புக்கு வெளியே நின்று பார்த்தால் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறைக்கும் ரெண்டு நாள் பயிற்சி, ஒரு பை, ஒரு பேனா, மதியம் சாம்பார் சாதம். ஒவ்வொரு பயிற்சியிலும் கையைத் தட்டிக் குதித்துப் பாடச் சொல்வார்கள். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிற டீச்சர்கள்கூட முயலாகக் குதித்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

எல்லா முறைக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நான் சொல்வேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். எல்லோரும் சேர்ந்து கத்தினால் எல்லோருக்கும் படிக்கத் தெரியும் என்று அர்த்தம். இதை எந்தக் கருத்தாளராலும் அசைக்க முடியவில்லை, ஏனென்றால் அவர்களும் அப்படித்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இனி எங்கள் தலைமை ஆசிரியர் அருளானந்தம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சியில், குமாஸ்தா. அந்த வேலை போய்விட்டது, தோரணை மட்டும் மகனிடம் தங்கிவிட்டது. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட். டீச்சர்களை "மதாம்" என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகள் சத்தம் போட்டால் "சிலான்ஸ்!" என்பார், அமைதி என்று அர்த்தம். பிள்ளைகள் அதை ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து உடனே அடங்கிவிடுவார்கள்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வகுப்பறையில் பிள்ளைகள் காதில் பாடத்தைத் தவிர வேறு எதுவும் விழக்கூடாது. அதனால் நிர்வாக விஷயம் எதையும் வாயால் சொல்ல மாட்டார். எழுதிவிட்டுப் போவார். எதில்? கரும்பலகையில்தான்.

அந்தச் சடங்கைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். தொண்டை மிட்டாய் டப்பா ஒன்றில் அவருக்கென்று தனி சாக்பீஸ் வைத்திருப்பார். கதவோரம் சுவரில் தேய்த்து அதன் முனையைக் கூராக்கிக்கொள்வார். கரும்பலகையின் வலது மேல் மூலைக்குப் போய் முதலில் ஒரு பெட்டி போடுவார். ஸ்கேல் இல்லாமலே நாலு கோடும் நேராக நிற்கும். அதற்குள் முத்து முத்தாக எழுதுவார். "இன்று முட்டை உண்டு." "நாளை அரைநாள் விடுப்பு. இப்போது அறிவிக்க வேண்டாம்." எழுதி முடித்துத் திரும்பி என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவார். நான் தலையாட்ட வேண்டும். பிறகு "வுவாலா" என்று பிரெஞ்சில் மெதுவாக, இதோ ஆயிற்று என்கிற மாதிரி, சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் வந்து பார்த்து டிக் போடும் வரை பெட்டியை அழிக்கக் கூடாது. ஆக, ரகசியம் காலையிலிருந்து மாலை வரைக்கும் வகுப்புக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன், "சார், பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிடாதா?"

"மதாம், இது ஒண்ணு, ரெண்டாங் கிளாஸ்" என்றார்.

"அஞ்சாங் கிளாஸ்ல?"

"அங்க கொஞ்சம் வேகமா எழுதுவேன்."

எங்கள் கல்வியின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் பீரோவுக்குப் பூட்டு இருந்தது, அலுவலக அறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது. ஆனால் அவர் மிகவும் நம்பிய இடம் கரும்பலகைதான். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கும் நாளடைவில் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு நாள் பெட்டியில் எழுதினார்: "நாளை தடுப்பூசி. பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது." மறுநாள் காலையில் நர்ஸம்மா ஊசிப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தால் என் வகுப்பில் பாதிக்கு மேல் ஆளில்லை. ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருத்தனுக்குப் பாட்டன் செத்துப்போய்விட்டார். அந்தப் பாட்டனே வந்து லீவு சொல்லிவிட்டுப் போனார்.

அருளானந்தம் சார் கொதித்துப்போனார். விஷயம் எப்படி வெளியே போனது? வாட்ச்மேன் கோவிந்துவை விசாரித்தார். சாப்பாட்டு வண்டி டிரைவரை விசாரித்தார். என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தார். "சத்தியமா நான் வாயத் தொறக்கலை சார்" என்றேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் பள்ளிக்கூடத்தில் யாரும் எதையும் வாயால் பேசக் கூடாது, எல்லாமே பெட்டியில் எழுத்து மூலம்தான். அன்றிலிருந்து பெட்டி பெரிதாகிவிட்டது. டீ சொல்வதுகூட அதில்தான்.

இந்த நேரத்தில்தான் கஸ்தூரியால் எனக்குத் தலைவலி. ரெண்டாம் வகுப்பு. அம்மா விஜயா எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கஸ்தூரி குழாயடியில் மற்ற பிள்ளைகளோடு வாய் ஓயாமல் பேசுவாள். வகுப்புக்குள் வந்தால் உதட்டை ஒட்டவைத்த மாதிரி உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் சேர்ந்து "பட்டம்!" என்று கத்தும்போது இவள் மட்டும் கத்த மாட்டாள். தனியாக எழுப்பி நிறுத்தி, "இது என்னடி?" என்றால் எழுத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி எழுத்தைப் பார்ப்பாள். அவ்வளவுதான். கெஞ்சினேன், மிரட்டினேன், மிட்டாய் காட்டினேன். அபிநய முறையில் கையையாவது ஆட்டுடி என்றேன். அதுவும் மாட்டாள்.

வாசிப்புத் தேர்வு வந்தது. பிள்ளை ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கஸ்தூரிக்கு சுழியம். சுழியம் வாங்கியவர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் படத்தைப் பார்த்தாவது எதையோ உளறினார்கள், அதனால் அவர்களுக்கு "முயற்சி உண்டு" என்று ஒரு பெயர். அந்தப் பெயருக்குக்கூட இவள் வழி வைக்கவில்லை.

ஆய்வாளர் வரப்போகிறார், நூற்றுக்கு நூறு காட்ட வேண்டும் என்று அருளானந்தம் சாருக்கு ஆசை. என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மதாம், அந்தப் பொண்ணுக்கு ஏதோ குறை இருக்குது. சிறப்புப் பள்ளிக்கு மாத்திடலாம். ஆய்வாளர் வர்ற அன்னிக்கே அவங்கம்மாவையும் வரச்சொல்லுங்க. அம்மா சம்மதம் சொன்னா, அவரு அங்கயே முடிச்சுக் குடுத்துடுவாரு."

ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். சிறப்புப் பள்ளியை நான் குறைவாகச் சொல்லவில்லை. அது தேவைப்படுகிற பிள்ளைக்கு அது வரம். ஆனால் ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்குக் குறை என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டால் அதை அப்புறம் யார் அழிப்பது?

"அவ மந்தமும் இல்ல, ஊமையும் இல்ல சார்" என்றேன்.

"படிக்கத் தெரியும்னு நிரூபிங்க மதாம், விட்டுடறேன்."

எதை வைத்து நிரூபிப்பேன்? அன்று சாயங்காலம் விஜயாவை வாசலில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவள் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வூட்ல வாய் மூட மாட்டேங்குது டீச்சர். இங்க மட்டும் ஏன் இப்படி இருக்குது? நான்தான் எழுத்து தெரியாம பேக்கிங்ல நிக்கிறேன். இதையாவது ஒழுங்கா படிக்க வெக்கணும்னு பாத்தேன். அதுக்கும் வராதா?" என்று கேட்டுக்கொண்டே அழுதாள்.

ஆய்வு நாள் வந்தது. காலையிலேயே சார் வந்து பெட்டி போட்டு எழுதினார். வழக்கத்தைவிட நீளமாக எழுதினார். எழுதி முடித்துப் புருவத்தைத் தூக்குவதற்குள் வாட்ச்மேன் கோவிந்து மூச்சு வாங்க ஓடிவந்து, "சார், ஜீப்பு வந்துடுச்சு!" என்றான். பத்தரைக்கு வர வேண்டிய ஆய்வாளர் அரை மணி முன்னாலேயே வந்து நிற்கிறார். சார் என்னையும் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்குத் துரத்தினார். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் முழுசாகப் படிக்கக்கூட இல்லை.

சந்தனம் பூசி, பூங்கொத்து கொடுத்து, ஆய்வாளரை நேராக என் வகுப்புக்கே கூட்டிக்கொண்டு வந்தோம். உள்ளே நுழைந்ததும்தான் மூலையைப் பார்த்தேன். பெட்டி அப்படியே இருக்கிறது. சாரும் பார்த்துவிட்டார். நல்ல மனிதர், சட்டென்று போய் பெட்டிக்கு முன்னால் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஆய்வாளரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. முன்வரிசையில், தேர்வில் சுழியம் வாங்கிய அந்த நாலு பேரும் ஜம்மென்று உட்கார்ந்து ஆய்வாளருக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியைக் காணோம். அவள் பையும் இல்லை, தட்டும் இல்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ஆய்வாளர். வகுப்பே "பட்டம்!" என்று கத்தியது. அதைக் கேட்டுக் கூரையில் இருந்த புறா பறந்துபோனது. ஆய்வாளருக்குத் திருப்தி.

அப்போது வாசலில் விஜயா வந்து நின்றாள். ஒரு கையில் கஸ்தூரி, இன்னொரு கையில் கஸ்தூரியின் தட்டு.

"டீச்சர், நான் பாட்டுக்கு சாப்பாட்டுக் கொட்டாயில ஒக்காந்திருந்தேன். இது தட்டத் தூக்கிக்கிட்டு தானா வந்து பக்கத்துல ஒக்காந்துக்குச்சு. யார்றீ வரச்சொன்னதுன்னு கேட்டா, சார் பலகைல எழுதியிருந்தாருன்னுது. நெசமா?"

"அப்புறம் பேசலாம்மா, ஆய்வு நடக்குது" என்றார் சார். முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.

"இருங்க சார். எங்கடி எழுதியிருக்குது? காட்டு."

கஸ்தூரி கையை நீட்டினாள். "சாருக்குப் பின்னாடி."

ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் நவுருங்க சார்" என்றார். அருளானந்தம் சார் நகர்ந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகில் கொஞ்சம் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. மிச்சமெல்லாம் பலகையில் பத்திரமாக இருந்தது. முத்து முத்தான எழுத்து, ஈசியாக அழியாது.

விஜயா மகளை முன்னால் தள்ளினாள். "எனக்குத்தான் எழுத்து தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்ல? என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சு சொல்லு."

கஸ்தூரி அம்மாவைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். என் வகுப்பில் முதல் முறையாக வாயைத் திறந்து படித்தாள்.

"ஆய்... ஆய்வாளர் பத்தரைக்கு. படிக்க வராத ஐந்து பேரையும், கஸ்தூரி உள்பட, அவர் கண்ணில் படாமல் சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார வைக்கவும். கஸ்தூரியின் தாயாரும் அங்கேயே இருக்கட்டும். போண்டா சூடாக இருக்க வேண்டும்."

தன் பெயர் வந்த இடத்தில்கூட அவள் குரல் மாறவில்லை. போண்டாவைப் படித்த அதே குரலில்தான் அதையும் படித்தாள். ஒளிப்பானேன், அழுதுவிட்டேன். படிக்கத் தெரியாத நாலு பேர் முன்வரிசையில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்திதான், படிக்கத் தெரியாதவர்கள் வெளியே போகவும் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு ஒழுங்காக வெளியே போயிருக்கிறாள்.

"சிலான்ஸ்!" என்றார் அருளானந்தம் சார். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

விஜயா அழவில்லை. "படிக்க வராதுன்னு நீங்க எழுதினதையே படிக்குதே சார் எம் பொண்ணு. இப்ப சொல்லுங்க, எங்க மாத்தணும்?" என்றாள்.

மாற்றும் பேச்சு அதோடு செத்தது. விஜயா அதற்கப்புறம் வேலைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாள்.

மதியம் கஸ்தூரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டேன். "ஏன்டி, இத்தினி நாளா எனக்கு ஏன் படிச்சுக் காட்டலை?"

"நீங்கதான மிஸ் எழுதுனீங்க? ஒங்களுக்குத் தெரியும்ல."

"அம்மாவுக்கு மட்டும் படிச்சியே?"

"அம்மாவுக்குத் தெரியாதுல்ல."

அப்புறம் யோசித்துவிட்டு அவளாகவே சொன்னாள். "சார் பொட்டில முட்டைன்னு எழுதினா அன்னிக்கு முட்டை வந்துடும் மிஸ். நீங்க பட்டம் பட்டம்னு எழுதினீங்க. ஒரு நாள்கூட பட்டம் வரலை."

தடுப்பூசி விஷயம் குழாயடிக்கு எப்படிப் போனது என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன.

ஆனால் பாருங்கள், மனுஷன் என்றால் அருளானந்தம் சார்தான். ஆய்வாளர் போண்டா சாப்பிட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்கு என்ன முறையில சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். சார் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "மூலைப் பெட்டி முறை சார். நானே பல வருஷமா பரிசோதனை பண்ணிட்டு வர்றேன்" என்றார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். மீசை வேறு அவருக்கு இல்லை.

அடுத்த மாதமே அவர் தலைமை ஆசிரியராக இருந்துகொண்டே கருத்தாளரும் ஆகிவிட்டார். மூலைப் பெட்டி முறைக்கு ரெண்டு நாள் பயிற்சி, ஒரு பை, ஒரு பேனா, மதியம் சாம்பார் சாதம். அந்தப் பயிற்சியில் நானும் உட்கார்ந்து கையைத் தட்டினேன். பெட்டிக்குள் என்னென்ன எழுத வேண்டும் என்று அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார்கள். முதல் வாக்கியம், "பட்டம் பறக்கிறது." எங்கள் பள்ளியிலும் சார் உஷாராகிவிட்டார். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிகிறது என்று தெரிந்ததும் முட்டை, லீவு எதையும் பலகையில் எழுதுவதில்லை. எல்லாமே காதோடு காதாகத்தான். உறை போட்ட வாக்கியத்தைப் பார்த்து நான்தான் பெட்டியில் எழுத வேண்டும். கஸ்தூரி ரெண்டு நாள் அந்த மூலையைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இதுவரைக்கும் சொல்லி முடித்தபோது மூன்று டீச்சர்களின் காபியும் ஆறியிருந்தது. "சூப்பர் மிஸ்" என்றார்கள். சின்னவள் ஃபோனை எடுத்து, "மூலைப் பெட்டி முறை... எத்தினி வாக்கியம் மிஸ் போடணும்? ஆப்ல ஏத்த முடியுமா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்கள். மீதிக் கதையை அவர்கள் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள்.

கஸ்தூரி படித்துக் காட்டிய அன்று, அந்த நாலு பேர் முன்வரிசையில் உட்கார்ந்து ஆய்வாளருக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள் இல்லையா? அவர்களுக்கு அன்றைக்கும் படிக்கத் தெரியாது, மறுநாளும் தெரியாது. அவர்களைப் பற்றி ஆய்வாளரும் கேட்கவில்லை, கருத்தாளரும் பேசவில்லை. ராத்திரியெல்லாம் எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டம் வரவில்லை என்று கஸ்தூரி சொன்னதை நினைத்து நினைத்து எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

ஒரு நாள் உறை போட்ட அட்டையை மேஜைக்குள் தள்ளிவிட்டு, பெட்டியில் நானே எழுதினேன்: "ஆரோக்கியம் பையில் நண்டு இருக்கிறது." அந்த நாலு பேரில் ஒருவன்தான் ஆரோக்கியம். அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர், நண்டும் அங்கிருந்து வந்ததுதான். கஸ்தூரி படித்துவிட்டு எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். படிக்கத் தெரிந்த இன்னும் ரெண்டு பேர் நகர்ந்தார்கள். ஆரோக்கியம் திருதிருவென்று விழித்தான்.

"என்னடி எழுதியிருக்குது? சொல்லுடி" என்றான்.

"நீயே பாரு" என்றாள் கஸ்தூரி. படித்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லக் கூடாது என்று நான் விதி போட்டிருந்தேன். வாயைத் திறக்காமல் இருப்பதில் அவளை மிஞ்ச ஆளே கிடையாது.

அன்றிலிருந்து தினமும் ஒரு உண்மை. முட்டை வருகிறதா இல்லையா, யாருக்கு வேப்பமரத்தடியில் புளியங்கொட்டை ஒளித்து வைத்திருக்கிறேன், யார் என் நாற்காலியில் உட்கார்ந்தது. தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்பதைவிடப் பெரிய கொடுமை ஒரு பிள்ளைக்கு வேறு கிடையாது. நாலு பேரும் பலகைக்குக் கீழேயே குடியிருந்தார்கள். எழுத்துக் கூட்டினார்கள், சண்டை போட்டார்கள், என்னிடம் வந்து "மிஸ், கொம்பு போட்டா என்னா சத்தம்?" என்று அவர்களாகவே கேட்டார்கள். என் சர்வீஸில் ஒரு பிள்ளை என்னிடம் வந்து கொம்பைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அருளானந்தம் சாருக்குப் பிறந்தநாள் என்று ஒன்று உண்டு. சொன்னால் எல்லோருக்கும் இனிப்பு வாங்கித் தர வேண்டுமே என்று வருஷா வருஷம் அதைப் பரம ரகசியமாக வைத்திருப்பார். தேதி எனக்குத் தெரியும். அன்று காலையில் பெட்டியில் ரெண்டு வரி எழுதினேன்.

கஸ்தூரி படித்தாள், வழக்கம்போல சும்மா இருந்தாள். ஆரோக்கியம் பலகைக்குக் கீழே நின்று உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தான். திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான், ஓடினான். மற்ற மூன்று பேரும் அவன் பின்னால், அவர்கள் பின்னால் மொத்த வகுப்பும். கொஞ்ச நேரத்தில் சார் முகமெல்லாம் சிவந்து என் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி மொய்த்துக்கொண்டு வந்தார்கள்.

"மிட்டாயும் இல்ல, ஒண்ணும் இல்ல! எல்லாரும் போய் ஒக்காருங்க! எனக்குப் பொறந்த நாள்னு யார் சொன்னது?"

ஆரோக்கியம் பெட்டியைக் காட்டினான். காட்டியதோடு விடவில்லை. விரலை நீட்டி ரெண்டாவது வரியை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தான்.

"மு... முதலில்... இல்லை... என்பார். வி... டா... விடாதீர்கள்."

பிள்ளைகள் விடவில்லை. சார் பலகையைப் பார்த்தார், ஆரோக்கியத்தைப் பார்த்தார். பாதி ஊருக்கு வாசிப்புப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்த மனிதர் என் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"எந்த டீச்சர் இவனுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் சார்" என்றேன்.

கஸ்தூரி திரும்பி என்னைப் பார்த்தாள். வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.